தினமும் மலை ஏறுறேன், ஆனா மூணாவது ரவுண்ட்ல கால் கல்லாயிடுது

2024 மார்ச் 3, காலை (வந்த கேள்வி)

அண்ணே, ஹட்டன் பக்கம் தோட்டத்துல இருந்து எழுதுறேன். வேலைக்குப் போக 9 கிலோமீற்றர், பாதிக்கு மேல ஏத்தம், கிழமைக்கு ஆறு நாள் சைக்கிள்லதான் போறேன். ஞாயித்துக்கிழமையும் மலைதான். ஊருல ஏத்தத்துல என்னை யாரும் பிடிக்கமாட்டாங்க. கிராஸ் கன்ட்ரி ரேஸ்ல (காட்டுப்பாதையில ஓட்டுற மலைச்சைக்கிள் ரேஸ்) மட்டும் தொடக்கத்துலயே இருபது பேருக்குப் பின்னால போயிடுறேன். ரெண்டாவது ரவுண்ட்ல கொஞ்சப் பேரைப் பிடிக்கிறேன், மூணாவதுல கால் கல்லாயிடுது. வயசு 24, 60 கிலோ. 27.5 வீல், முன்னால மூணு கியர், பின்னால எட்டு. தினமும் மலை ஏறுறவனுக்கு இதுக்கு மேல என்ன பயிற்சி வேணும்?

மார்ச் 3, இரவு

மலையில குறை இல்ல தம்பி. எல்லா நாளும் ஒரே வேகத்துல ஏறுறதுதான் குறை. ஏத்தத்துல சைக்கிள் நிக்காம போகணும்னாலே ஒரு அளவு பலம் போட்டாகணும். அந்தப் பலம் உடம்பு ஆறுறதுக்குக் கூடுதல், ரேஸுக்குக் குறைவு. நடுவுல இருக்கிற அந்த வேகத்துலயே கிழமைக்கு ஆறு நாள் போனா கால் எப்பவும் அரைக்களைப்புலயே இருக்கும். பலமா மிதிக்க வேண்டிய நாள்ல பலம் வராது, மெதுவா போக வேண்டிய நாள்ல மெதுவா போகவும் தெரியாது.

கிராஸ் கன்ட்ரி கேட்கிறது வேற. ஒண்ணரை மணிநேரத்துக்குக் கிட்ட, நாலஞ்சு கிலோமீற்றர் சுத்து, அதுக்குள்ள முப்பது செக்கன், ஒரு நிமிசம் வெடிச்சு மிதிக்கிறதும் உடனே இறக்கத்துல மூச்சைப் பிடிச்சு வண்டியைத் திருப்புறதும் மாறி மாறி வரும். நாடித்துடிப்பு முழு நேரமும் உச்சத்துல 90 வீதத்துக்குக் கிட்டவே நிக்கும். முதல் ஒண்ணு ரெண்டு நிமிசந்தான் ஆகக் கடுமை, ஏன்னா ஒத்தையடிப்பாதை தொடங்குறதுக்கு முந்தி இடம் பிடிக்கணும். நீ இருபதாவது ஆளா உள்ள போனா முன்னால இருக்கிறவன் ஒவ்வொரு வளைவுலயும் பிரேக் பிடிக்கிறப்ப நீயும் பிடிக்கணும், திரும்பவும் எழும்பி மிதிக்கணும். ரெண்டாவது ரவுண்ட்ல பிடிச்ச அந்தக் கொஞ்சப் பேருக்குத்தான் மூணாவதுல விலை குடுக்கிற.

தினசரி அந்த 9 கிலோமீற்றர்தான் உன்னைத் தின்னுது. அதுலதான் முதல்ல கை வைக்கணும்.

மார்ச் 4

"மெதுவா போன்னா எப்படி, மலை விடாதே"னு கேட்டிருக்க. கியரை வச்சு விடவைக்கணும். கணக்கு இது.

ஆளும் சைக்கிளும் தண்ணியும் சேர்த்து 77 கிலோ, 8 வீதச் சாய்வு, கல் ரோடு. மணிக்கு 7 கிலோமீற்றர்ல ஏறினா ஈர்ப்பை வெல்ல மட்டும் 117 வாட், டயர் உருள்றதுக்கு 22, செயின் தின்னுறதையும் சேர்த்தா 145 வாட் கிட்ட வரும். ஒரு மணிநேரம் 220 வாட் பிடிக்கக்கூடிய ஒருத்தனுக்கு அது 66 வீதம். பேசிக்கிட்டே போகலாம். ஆனா அந்த வேகத்துல காலைச் சுத்தக் கியர் இருக்கணும். 29 வீல்ல முன்னால 32, பின்னால 42 பல்லுனா நிமிசத்துக்கு 67 சுத்துதான் வரும், முழங்கால்ல ஏறும். 30க்கு 51 போட்டா 87 சுத்து, கால் இலகுவா ஓடும்.

உன்கிட்ட முன்னால மூணு இருக்குல்ல, அதுல சின்னது 22 பல்லா இருந்தா புதுசா ஒண்ணும் வாங்கவேணாம். 22க்கு 32 எங்கிறது, முன்பல்லைப் பின்பல்லால பிரிச்சா, 0.69. இந்தக் காலத்துல ஒத்தைச் செயின்வீல் வண்டி பலதுல இருக்கிற 32க்கு 42ஐ (0.76) விட லேசு. அந்தச் சின்னப் பல்லை ஊருல யாரும் தொடுறதில்ல, ஏதோ கௌரவக் குறைச்சல் மாதிரி. தினசரி ஏத்தம் முழுக்க அதுலயே போ. ஒன்பது கிலோமீற்றருக்குப் பத்து நிமிசம் கூடப் போகும், போகட்டும்.

சாய்வு 12 வீதத்துக்கு மேல போனா இதுவும் உதவாது. மணிக்கு 5 கிலோமீற்றருக்கே 145 வாட் வேணும், 30க்கு 51 பல்லுல கூட 62 சுத்துதான் வரும். லயத்துக்கு (தொழிலாளர் வீட்டு வரிசை) நேரா ஏறுற குறுக்குகளை ஆறுற நாள்ல விட்டுடு. பேக்டரியில இருந்து டிவிசனுக்கு மலையைச் சுத்திப் போற தோட்ட ரோட்டை எடு. அதிகமா சரக்கு ஏத்தப் போட்ட ரோடுங்க அதெல்லாம், சாய்வு பொறுமையா இருக்கும்.

மார்ச் 6

அளவு எடுக்காம பயிற்சி தொடங்கவேணாம். வாட் மீட்டர் தேவையில்ல, போனும் ஒரு மணிக்கூடும் போதும்.

இருபது நிமிசத்துக்குக் கிட்ட போற ஒரு சீரான ஏத்தத்தைத் தெரிவு செய். நடுவுல இறக்கம் இருக்கக்கூடாது, கொழுந்து லொறி திரும்புற மடுவம் (கொழுந்து நிறுக்கிற கொட்டகை) இருக்கக்கூடாது. அப்புத்தளைப் பக்கம்னா தம்பதென்ன பேக்டரியில இருந்து லிப்டன் சீட் போற 7 கிலோமீற்றர்ல ஒரு துண்டு எடுக்கலாம், விடியக்காலம் ஆறு மணிக்கே, வேன்கள் வர முந்தி. தொடக்கத்தையும் முடிவையும் ஒரு மைல்கல்லோ மதகோ வச்சு அடையாளம் போட்டுக்க. ரெண்டுக்கும் உள்ள உயரத்தைப் போன்ல ஒரு தரம் பார்க்காம மூணு தரம் பார்த்து நடு எண்ணை எடு.

உயரத்தை மீற்றர்ல எழுதி, எடுத்த நிமிசத்தால பிரிச்சு, 60ஆல பெருக்கினா மணிக்கு எத்தனை மீற்றர் மேல போறனு வரும். அதை 200உடன் சாய்வு வீதத்தைப் பத்தால பெருக்கிக் கூட்டினதால பிரி. அதாவது 6 வீதச் சாய்வுனா 260, 8 வீதம்னா 280. வர்ற எண் கிலோவுக்கு எத்தனை வாட்னு சொல்லும். இது தார் ரோட்டுக் கணக்கு. கல் ரோட்டுல உண்மை இதைவிடக் கூடவே இருக்கும், டயர் தின்னுறது இதுல வராது. பக்கத்து ஊர்க்காரனோட ஒப்பிடவேணாம். உன்னோட நேத்தைய எண்ணோட உன்னோட இன்னைக்கு எண்ணை மட்டும் பாரு.

அதே ஏத்தத்தை இன்னொரு நாள் மெதுவாவும் போ. முழு வசனம் ஒண்ணை மூச்சு முறியாம சொல்லக்கூடிய வேகம். அந்த நேரத்தையும் எழுதி வை. ரெண்டு நேரமும் வேணும்.

மார்ச் 10

ரெண்டு திருத்தம்.

தனிச் செய்தியில கேட்டவங்களுக்கு 220ல வயசைக் கழிச்சு உச்சத் துடிப்பை எடுங்கனு பதில் போட்டிருந்தேன். அதை நம்பி வேகம் பிரிக்கவேணாம். ஒரே வயசுக்காரங்க ரெண்டு பேருக்குப் பத்துப் பன்னிரண்டு துடிப்பு வித்தியாசம் சாதாரணம். 24 வயசுக்கு 196னு வரும், உண்மை 184 ஆவும் இருக்கலாம், 206 ஆவும் இருக்கலாம். இருபது நிமிசச் சோதனையோட கடைசி ஒரு நிமிசத்தை எழும்பி நின்னு முழுசா மிதி. அப்ப மணிக்கூடு காட்டுற ஆகக் கூடின எண் எந்தச் சூத்திரத்தையும் விட நம்பலாம். ஆறுற சவாரி அதுல 70, 75 வீதம். அதோட இன்னொண்ணு, தொலைதூரச் சவாரியில ரெண்டாவது மணிநேரம் துடிப்பு தன்னால ஏறும், பேச்சு மட்டும் மாறாது. அப்படி ரெண்டும் முரண்பட்டா பேச்சை நம்பு.

ரெண்டாவது, பத்துல எட்டுப் பங்கு மெதுவா, ரெண்டு பங்கு பலமானு பொதுவா சொல்லுற கணக்கை அப்படியே எடுக்கவேணாம். அது கிழமைக்கு 15, 20 மணிநேரம் ஓட்டுறவங்களுக்கு. வேலையும் பார்த்து ஆறு, ஏழு மணிநேரம் கிடைக்கிறவனுக்கு ரெண்டு பலமான நாள், ஒரு நீளமான மெதுச்சவாரி, மிச்சமெல்லாம் ஆறுறதுனு வச்சாத்தான் சரிவரும். செவ்வாய் ஒரு மணிநேரம் வெடிப்பு வேலை. வியாழன் ஒண்ணேகால் மணிநேரம், அதுல எட்டு நிமிசம் நாலு தரம், நடுவுல மூணு நாலு நிமிசம் இளைப்பாறல். எட்டாவது நிமிசம் முடியிறப்ப இன்னும் ஒரு நிமிசந்தான் தாங்கும்னு இருக்கணும், முதல் எட்டும் கடைசி எட்டும் ஒரே தூரம் போயிருக்கணும். ஞாயிறு ரெண்டரை, மூணு மணிநேரம் மெதுவா. அந்த ரெண்டு பலமான நாள்லயும் வேலைக்கு பஸ்ல போ. போயா (பௌர்ணமி) லீவு வந்தா நீளச்சவாரியை அதுக்கு மாத்தலாம், ஆனா கிழமைக்கு ரெண்டு நீளச்சவாரி வேணாம்.

மூணு கிழமை ஏத்தி, நாலாவது கிழமை நேரத்தைப் பாதிக்குக் கிட்டக் குறை. பலமான வேலையை முழுசா நிறுத்தாம எண்ணிக்கையை மட்டும் குறைச்சா போதும்.

மார்ச் 17

வெடிப்பு வேலை. இதுல மலைநாட்டுக்குனு ஒரு சிக்கல் இருக்கு, புத்தகத்துல வராது. முப்பது செக்கன் பலமா, பதினைஞ்சு செக்கன் லேசா, பதிமூணு தரம், அப்படி மூணு தொகுதி, தொகுதிக்கு நடுவுல மூணு நிமிசம்னு ஒரு பயிற்சி இருக்கு. கிராஸ் கன்ட்ரிக்கு அதைவிடப் பொருத்தமானது குறைவு. ஆனா 10 வீத ஏத்தத்துல அந்தப் பதினைஞ்சு செக்கன் லேசு கிடைக்கவே கிடைக்காது. காலை விட்டா வண்டி நிக்கும். நிக்காம இருக்க மிதிச்சா அது லேசு இல்ல. கடைசியில அது விட்டுவிட்டு மிதிக்கிற வேலையா இல்லாம தொடர்ந்து மிதிச்ச பத்து நிமிசமா முடிஞ்சுடும். அதாவது உன்னோட பழைய நடுவேகம்.

அதனால மூணு, நாலு வீதத்துக்கு மேல போகாத, இல்லாட்டி அலை அலையா ஏறி இறங்குற ரோடு தேடணும். ஹட்டன்காரங்களுக்குக் காசல்ரி நீர்த்தேக்கக் கரையோரம் போற ரோடு, பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கோட அடிவாரம். நுவரெலியாவுல கிரகரி வாவியைச் சுத்தி, ஏப்ரல் சீசன்ல மட்டும் வேணாம், மனுசர் நடக்கவே இடம் இருக்காது. அம்பேவெலப் பண்ணைப் பக்கத்து ரோடு இன்னும் நல்லது, காத்து எதிர்த்து அடிச்சா அதுவே ஏத்தம் மாதிரி.

தொடக்கப் பயிற்சி, அதாவது ரேஸ் கோட்டுல இருந்து பாயிற பயிற்சி, தனி. ஒத்தைக் காலை ஊன்றி நின்ன நிலையில இருந்து 15 செக்கன் முழுப்பலம், இறங்காம அடுத்த 75 செக்கன் கடுமையா, மூணரை நிமிசம் இளைப்பாறு. இப்படி ஆறு தரம். கியர்தான் இதுல பாதி. மூணு செயின்வீல் வண்டியில நடுப்பல்லுல நின்னு, பின்னால நடுவுல வை. முதல் மிதி கனமா இருக்கணும், நாலாவது மிதியில கால் பறக்கணும். சின்னப் பல்லுல நின்னுட்டு ஓடிக்கிட்டே முன்னால கியர் மாத்தப் போனா செயின் விழுறது அங்கதான். பலமா அழுத்துறப்ப முன் கியரை மாத்தவே கூடாது. ஒரு அரைச்சுத்து அழுத்தத்தை விட்டு, மாத்தி, திரும்ப அழுத்து.

மார்ச் 18

நேத்து எழுத மறந்தது. வெடிப்பு வேலைக்கு முந்தி இருபது நிமிசம் சூடேத்தணும், கடைசி ஐஞ்சு நிமிசத்துல பத்து செக்கன் மூணு தரம் வேகமா. நுவரெலியாவுல விடிய 12, 13 பாகைக் குளிர்ல வீட்டுவாசல்ல இருந்தே முழுப்பலம் போட்டுத் தொடைச்சதை பிடிச்சவங்க உண்டு. எட்டு நிமிசம் ஏறி இறங்கி திரும்ப ஏறுறப்பவும் இதே கவனம் வேணும். இறங்குறப்ப வேர்வை காஞ்சு கால் விறைக்கும். மெல்லிய மழைச்சட்டை ஒண்ணைப் பின்பொக்கட்டுல வச்சுக்க.

மார்ச் 29

நுவரெலியாவுல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கா, இங்க பிறந்து வளர்ந்ததே உயரப்பயிற்சிதானே, கீழ போனா பறக்கணுமே, ஏன் கண்டியில நடந்த ரேஸ்ல மூச்சு வாங்குதுனு.

நுவரெலியா 1,868 மீற்றர். காத்தழுத்தம் கடல்மட்டத்துல இருக்கிறதுல ஏறக்குறைய 80 வீதம். ஒட்சிசன் பங்கு மாறுறதில்ல, அதைத் தள்ளுற அழுத்தந்தான் குறையுது. அங்கேயே வாழுறவங்களுக்கும் நீடிச்ச பலம் ஏழெட்டு வீதம் கழிஞ்சுதான் வரும். கீழ போனா அந்தக் கழிவு திரும்பக் கிடைக்கும், அது உண்மை. ஆனா ரத்தத்துல சிவப்பணு கூடுறதுக்கு விளையாட்டு வீரர்கள் தேடிப் போற உயரம் 2,000ல இருந்து 2,500 மீற்றர், அதுவும் மூணு நாலு கிழமை. நம்ம ஊர் அதுக்குக் கொஞ்சம் கீழ. பலன் இருக்கலாம், பெரிசா எதிர்பார்க்கவேணாம்.

கண்டியில உங்களை அடிச்சது வெக்கை. 500 மீற்றர் உயரத்துல பகல் வெயில்ல 30 பாகை, உங்க உடம்புக்கு 15, 18 பாகைதான் பழக்கம். ரத்தத்துல ஒரு பங்கு தோலைக் குளிர வைக்கப் போயிடும், காலுக்கு வர்றது குறையும், துடிப்பு ஏறும். வெக்கைக்கு உடம்பு பழக பத்துப் பதினாலு நாள் வேணும். கீழ போய்த் தங்க முடியாட்டி ரேஸுக்கு முந்தின ரெண்டு கிழமையில ஆறுற சவாரிகளோட கடைசி நாப்பது நிமிசம் ஒரு சட்டை கூடப் போட்டு, நல்லா வேர்க்க விட்டு ஓட்டுங்க. பலமான நாள்ல அதைச் செய்யவேணாம். தலைசுத்தினா, குளிர் நடுக்கம் மாதிரி வந்தா உடனே சட்டையைக் கழட்டி நிறுத்திடணும்.

இன்னொண்ணும் சேர்த்துச் சொல்லணும், தங்கச்சி கேட்காட்டியும். சாப்பாட்டோட தேத்தண்ணி குடிச்சா சாப்பாட்டுல இருக்கிற இரும்பை உடம்பு எடுக்கிறது குறையும். பருப்பு, கீரைல இருக்கிற இரும்பு இன்னும் மோசமாப் பாதிக்கப்படும். நம்ம தோட்டப்பக்கம் பொம்பளைங்களுக்கு ரத்தச்சோகை புதுசு இல்ல. சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் ஒரு மணிநேரம் இடைவெளி விடுங்க, சாப்பாட்டோட தேசிக்காய், கொய்யா சேருங்க. காரணமில்லாம நேரம் பின்னால போனா ஆஸ்பத்திரியில ரத்தம் பாருங்க. பார்க்காம இரும்புக் குளிசை போடவேணாம்.

ஏப்ரல் 7

டயர் காத்து. 60 கிலோ ஆளுக்கு, 2.25 அகல டியூப்லெஸ் டயர்னா முன்னால 18, 19, பின்னால 21 பி.எஸ்.ஐ.யில தொடங்கலாம். டியூப் போட்டதுனா முன்னால 25, பின்னால 28. அதுக்குக் குறைச்சா தோட்ட ரோட்டுக் கல்லுல டயர் ரிம்முக்கு அமுங்கி டியூப்ல பாம்பு கடிச்ச மாதிரி ரெண்டு ஓட்டை விழும். டியூப்லெஸ் பால் (ஓட்டையை அடைக்கிற திரவம்) ஒரு டயருக்கு 90, 100 மில்லிலீற்றர், ரெண்டு மாசத்துக்கு ஒரு தரம் திறந்து பார்க்கணும். காஞ்சு ரப்பர் உருண்டையா கிடந்தா அது ஓட்டையை அடைக்காது.

கண்டியில காத்தடிச்சுட்டு நுவரெலியாவுக்கு ரேஸுக்கு வர்றவங்க கவனம்: வெளிக்காத்தழுத்தம் குறையிறதால டயர்ல 2 பி.எஸ்.ஐ. கூடிடும்.

ஏப்ரல் 9

மேல எழுதின கடைசி வரி அரைகுறை. ஒருத்தர் அளந்து பார்த்து அரைப் பி.எஸ்.ஐ.தான் மாறினதுனு எழுதியிருக்கார், அவர் அளந்ததுதான் சரி. உயரத்தால 2.1 கூடுறது உண்மை. ஆனா கண்டி 30 பாகையில இருந்து நுவரெலியா 15 பாகைக்கு வர்றப்ப டயருக்குள்ள இருக்கிற காத்தும் சுருங்குது. கேஜ்ல 20 காட்டுற டயருக்குள்ள உண்மையில வெளியழுத்தமும் சேர்ந்து 33.85 இருக்கு. குளிர்ல அது 32.2 ஆகும். மேல வெளியழுத்தம் 11.7. கழிச்சா 20.5. ஒண்ணை ஒண்ணு ஈடுகட்டிடுது. வெயில் ஏறின பத்து மணி ரேஸுனா மட்டும் வித்தியாசம் தலைகாட்டும். எப்படியும் ரேஸ் நடக்கிற இடத்துலயே, வண்டியை நிழல்ல வச்சு, தொடங்க அரைமணிக்கு முந்தி அளங்க. அதே கேஜ்ல அளங்க. பம்ப்புல இருக்கிற கேஜுக்கும் கைக் கேஜுக்கும் மூணு பி.எஸ்.ஐ. வரைக்கும் இடிக்கும்.

ஏப்ரல் 21

இறக்கம். ஏத்தத்துல எடுத்த இருபது செக்கனை இறக்கத்துல நாப்பதா குடுக்கிறவங்க நம்ம பக்கம் நிறைய. முதல் காரணம் கை. பிரேக் லீவரை ஹாண்டில் பிடியோட ஒட்டிப் பூட்டி, ரெண்டு மூணு விரலால பிடிக்கிறாங்க. பத்து நிமிச இறக்கத்துல முன்கை இறுகி விரல் திறக்காது. பூட்டுற ஆணியைத் தளர்த்தி லீவரை உள்ளுக்கு நகர்த்து, ஆள்காட்டி விரல் லீவரோட வெளிநுனி வளைவுல விழுற வரைக்கும். ஒத்த விரல் போதும், மிச்ச மூணும் பிடியிலயே இருக்கணும்.

கேபிள் டிஸ்க் பிரேக்குக்காரங்க இதைக் கட்டாயம் பாருங்க. அதுல வெளிப்பக்கத்துப் பட்டை மட்டுந்தான் நகரும், உள்பட்டை அசையாது. சேத்துல ரெண்டும் தேயத் தேய ரோட்டர் (வீலோட சுத்துற தட்டு) ஒரு பக்கமா வளைஞ்சு, லீவர் ஹாண்டில்ல முட்டும். கேபிளை மட்டும் இறுக்கினா சரிவராது. உள்பட்டையோட ஆணியை ரோட்டர் லேசா உரசுற வரைக்கும் திருப்பி, கால்வாசிச் சுத்து பின்னால எடு. அதுக்குப் பிறகு கேபிள். பட்டையில உரசுற பகுதி அரை மில்லிமீற்றர் ஆனா மாத்திடு. மழைக்கு உலோகப் பட்டை நிலைக்கும், ரெசின் பட்டை ஒரே சேத்து ரேஸ்ல முடிஞ்சு போகலாம். ஆனா ரோட்டர்ல "ரெசின் மட்டும்"னு பொறிச்சிருந்தா உலோகப் பட்டை போடவே கூடாது, ரோட்டரைத் தின்னுடும். புதுப்பட்டையை 20, 25 கிலோமீற்றர் வேகத்துல இருந்து நடை வேகத்துக்கு இருபது தரம் பிடிச்சுப் பழக்கு. வீல் பூட்டிக்கிட்டு இழுபடக்கூடாது.

தேயிலைக்குள்ள போற ஒத்தையடிப்பாதைக்கு ஒரு எச்சரிக்கை. கொழுந்து எடுக்கிற மலையில செடி மெத்தை மாதிரி இருக்கும், ஹாண்டில் உரசினா தப்பலாம். கவ்வாத்து வெட்டின மலை அப்படி இல்ல. முழங்கால் உயரத்துல விரல்மொத்தக் குச்சி, வெட்டின முனை சாய்வா, காஞ்சு இரும்பு மாதிரி நிக்கும். டயரோட பக்கச்சுவரைக் கிழிக்கும், முழங்காலைக் குத்தும். 780 மில்லிமீற்றர் ஹாண்டில் அங்க அகலம், 740க்கு வெட்டுறது நல்லது. வெட்ட முந்தி லீவரையும் பிடியையும் உள்ளுக்கு நகர்த்தி ஒரு கிழமை ஓட்டிப் பாரு, வெட்டினதை ஒட்ட முடியாது.

கானைத் தாண்டுறதுக்குச் செங்குத்தா வா. சாய்வா வந்தா முன்வீல் கானோட ஓரத்துல வழுக்கி அதோடயே ஓடும். பாசி பிடிச்ச கல்மதகுல பிரேக்கும் வேணாம், திருப்பவும் வேணாம், முந்தியே வேகத்தைக் குறைச்சு நேரா விடு. பைன் காட்டுல காஞ்ச ஊசியிலை மேல இதே விதி.

கொழுந்து நிறுக்கிற நேரம் மடுவத்துக்கு வர்ற ரோட்டுல தலையில சாக்கோட ஆக்கள் வருவாங்க. தலைப்பாரத்தோட சட்டுனு ஒதுங்க முடியாது. இறங்கி நட. தோட்ட நிர்வாகத்துக்கிட்ட முந்தியே கேட்டுட்டு ஓட்டு. ஒருத்தன் செய்யிற அவசரத்துல பாதை எல்லாருக்கும் மூடும்.

மே 5

ரேஸ் சாப்பாடு, சுருக்கமா. மூணு மணிநேரத்துக்கு முந்தி கிலோவுக்கு 2 கிராம் மாச்சத்து. 60 கிலோவுக்கு 120 கிராம், அரை றாத்தல் பாணும் ஜாமும் ஒரு வாழைப்பழமும் அதைத் தாண்டிடும். தேங்காய்ச் சம்பலும் பருப்பும் ரேஸ் முடிஞ்ச பிறகு. எண்ணெயும் நாரும் வயித்துல நிக்கும்.

750 மில்லிலீற்றர் போத்தலுக்கு மட்டமா நாலு மேசைக்கரண்டி சீனி (50 கிராம் கிட்ட), கால் தேக்கரண்டி உப்பு, அரைத் தேசிக்காய். சீனியில பாதி குளுக்கோசு, பாதி பிரக்டோசு, குடல் ரெண்டையும் வேற வேற வழியால எடுக்கும். அதனால வெறும் குளுக்கோசுத் தூளை விட இது வயித்தைக் குறைவாக் குழப்பும். மணிக்கு ஒரு போத்தல். இதை ரேஸ் அன்னைக்கு முதல் தரம் குடிக்கவேணாம், வியாழக்கிழமை வேலையில ரெண்டு மூணு தரம் பழகிட்டு வா. போத்தலோட வாய்ல மூடி இல்லாட்டி தோட்ட ரோட்டுச் சேறும் மாட்டுச்சாணமும் நேரா வாய்க்குப் போகும்.

மே 20

ஹட்டன் தம்பி பத்துக் கிழமை எண்களை அனுப்பியிருக்கு. 4.2 கிலோமீற்றர், 252 மீற்றர் உயரம், 6 வீதம். மார்ச் 10ல 19 நிமிசம் 10 செக்கன், நேத்து 18 நிமிசம் 5 செக்கன். மணிக்கு 789 மீற்றர் 836 ஆகியிருக்கு, கிலோவுக்கு 3.03ல இருந்து 3.2. நல்ல முன்னேற்றம்.

ஆனா அதுக்குக் கீழ எழுதின எண்தான் என்னை அதிகம் சந்தோசப்படுத்தினது. அதே ஏத்தம், துடிப்பு 135, 140க்குள்ள, மெதுவா. அப்ப 33 நிமிசம், இப்ப 30 நிமிசம் 30 செக்கன். அதே துடிப்புக்கு வேகம் 8 வீதம் கூடியிருக்கு. நடுவேகத்தை விட்டதோட பலன் அது. மூணாவது ரவுண்ட் அங்கதான் இருக்கு, 18 நிமிசத்துல இல்ல.

"இனி எட்டு நிமிசத்தை ஐஞ்சு தரம் ஆக்கட்டா"னு கேட்டிருக்க. வேணாம். நாலையே வச்சுக்க, மூணாவதையும் நாலாவதையும் மட்டும் வேற மாதிரி செய்: தொடக்கத்துல 30 செக்கன் எழும்பி நின்னு வெடி, உடனே உக்காந்து அதே எட்டு நிமிச வேகத்துக்கு வந்து நில்லு. வெடிச்ச பிறகு ஆறாம ஓட்டப் பழகிறதுதான் இப்ப உனக்கு இல்லாதது. வாரத்துல ரெண்டு நாள் 25 நிமிசம் பலம் கூட்டுற வேலையும் சேர்: ஒத்தைக்கால் குந்து, அரிசி மூட்டையைத் தரையில இருந்து முதுகு நேரா தூக்குறது, தண்டால், கம்பியில தொங்குறது. பலமான சவாரி நாளன்னைக்கு மாலையிலயே செய், ஆறுற நாளைத் தொடாத.

மே 29

தென்மேல் மழை இறங்கிடுச்சு. ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியா மேற்குச் சரிவு செப்டம்பர் வரைக்கும் நனையும். ஊவாப் பக்கம், பண்டாரவளை, அப்புத்தளை, பதுளை அப்ப காயும், அவங்களுக்கு மழை மார்கழி, தை. முடிஞ்சவங்க ஞாயிறு நீளச்சவாரியை ரயில்ல அந்தப்பக்கம் கொண்டு போங்க. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விட்டிருக்கிற பிரதேசத்துல தோட்ட ரோட்டுல போகாதீங்க. ஆகக் குறைஞ்ச எச்சரிக்கையான மஞ்சள்னாலும் வெட்டுமேடு ஓரமா போற பாதையை விடுங்க.

சேத்துக்குப் பிறகு செயினைப் பழந்துணியால துடைச்சு, காயவிட்டு, ஈரத்துக்கான எண்ணெய் ஒவ்வொரு உருளைக்கும் ஒரு துளி. அஞ்சு நிமிசம் சுத்திட்டு வெளியில இருக்கிறதை முழுசாத் துடைச்சிடு. வெளியில நிக்கிற எண்ணெய் மண்ணைப் பிடிச்சு அரம் மாதிரி வேலை செய்யும். தேய்மானம் பார்க்க அடிமட்டம் போதும். புதுச்செயின்ல ஒரு ஊசியில இருந்து 24ஆவது ஊசி சரியா 12 அங்குலம். பதினாறுல ஒரு அங்குலம் கூடினா செயினை மட்டும் மாத்து. எட்டுல ஒரு அங்குலம் வரைக்கும் விட்டா பின்பல்லுகளும் சேர்ந்து போயிருக்கும், புதுச்செயின் போட்டா பலமா அழுத்துறப்ப தாவும். வாகனம் கழுவுற பிரஷர் பம்ப்பை அச்சு, ஹெட்செட் (ஹாண்டில் திரும்புற இடத்து பெயாரிங்) பக்கம் காட்டவே வேணாம். கிரீசைத் தள்ளிட்டு தண்ணி உள்ள போய் நிக்கும்.

அட்டைக்கு சப்பாத்துலயும் சொக்ஸ்லயும் சவர்க்காரம் பூசுங்க. ரேஸ்ல அட்டையைப் பிடுங்க நிக்கவேணாம், முடிஞ்ச பிறகு பார்க்கலாம்.

ஜூன் 8

தம்பி அடுத்த ஞாயிறு ரேஸ்னு எழுதியிருக்க. இந்தக் கிழமை மொத்த நேரத்தைப் பாதியாக்கு. செவ்வாய்க்கிழமை தொடக்கப் பயிற்சி மூணு தரம் மட்டும், வியாழன் எட்டு நிமிசம் ரெண்டு தரம். வெள்ளி ஒண்ணும் வேணாம். சனி அந்தச் சுத்தை ரெண்டு ரவுண்ட் மெதுவா ஓட்டு, மூணாவதை நடந்து பாரு. நடக்கிறப்பதான் ஏத்தத்துக்கு முந்தி எந்த இடத்துல கியர் மாத்தணும்னு தெரியும். ஏத்தம் தொடங்கி அழுத்தம் ஏறின பிறகு மாத்தினா செயின் கடிக்கும்.

தொடக்கக் கோட்டுல இருந்து ஒத்தையடிப்பாதை வாய் வரைக்கும் எத்தனை செக்கன்னு சனிக்கிழமை எண்ணி வை. அறுபதுக்குக் குறைவுனா முழுசா போய் இடத்தைப் பிடி. தொண்ணூறுக்கு மேலனா முதல் இருபது செக்கன் வெடிச்சுட்டு, முன்னால இருக்கிற பத்துப் பேரோட பின்வீல்ல ஒண்ணைப் பிடிச்சு உக்காந்து மிதி. ரெண்டாவது ரவுண்ட்ல யாரையும் துரத்தாத. கோட்டுல நிக்கிறப்ப நடுப்பல்லு, ஊன்றாத காலோட பெடல் ரெண்டு மணி நிலையில.

உள்பிரேக் பட்டையை சனி ராத்திரி பார்த்துடு, உரசவிட்டு கால்வாசிச் சுத்து பின்னால.